பங்கேற்பாளர்: அம்மா, வயது நாற்பத்து மூன்று

என் மகள் விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி அறிவியலைப் பாடமாக எடுத்ததற்குக் காரணம் விளையாட்டின் மேல் உள்ள ஆசை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விளையாட்டுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஓட்டப்பந்தயத்தில் மற்ற பிள்ளைகள் தண்ணீர் குடித்து முகம் கழுவிய பிறகு வந்து சேர்கிறவள் என்பதால் அவள் அப்பா வைத்த பெயர் ஆமை. இயற்பியலுக்குப் பயந்து, பந்தைப் பற்றி நாலு பக்கம் எழுதினால் தேறிவிடலாம் என்று எவளோ சொன்னதை நம்பிப் போய் உட்கார்ந்துவிட்டாள். புத்தகத்தைத் திறந்தால் உள்ளே எலும்பு. எலும்பு முடிந்தால் தசை, தசை முடிந்தால் லாக்டிக் அமிலம். அரையாண்டுத் தேர்வில் நூற்றுக்கு இருபத்தொன்பது வாங்கி, விடைத்தாளை ஃப்ரிட்ஜுக்கு மேலே ஒளித்து வைத்தாள். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு மேலே துடைக்கிற ஒரே ஆள் நான்தான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுடைய டீச்சர் என்னை வரச்சொல்லிப் பேசினார். நல்ல மனுஷி. எழுத்துத் தேர்வுக்கு எழுபது, செய்முறைப் பதிவேட்டுக்கு முப்பது என்றும், பதிவேட்டை ஒழுங்காகச் செய்தால் பெண் கரையேறிவிடுவாள் என்றும் சொன்னார். இந்தப் பாடத்தில் தேறினால்தான் அவள் ஆசைப்படுகிற பிசியோதெரபி உதவியாளர் படிப்புக்கு விண்ணப்பமே போட முடியும். பதிவேடு என்றால் வேறொன்றும் இல்லை. வீட்டிலுள்ள ஒருவரை ஆறு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்து, பயிற்சிக்கு முன்னும் பின்னும் நாடித்துடிப்பை எண்ணி, என்ன மாறியது என்று எழுத வேண்டும். அந்த ஒருவருக்குப் பங்கேற்பாளர் என்று பெயர்.

முதலில் அவள் அப்பாவைத்தான் கேட்டாள். அவர் பஸ் பட்டறையில் மெக்கானிக். மாடிப்படியை ஒரு பார்வை பார்த்தார், முழங்காலைத் தடவினார், அன்றே கம்பி நீட்டிவிட்டார். மிச்சம் இருந்தது நான்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என் எரிச்சல் யாருக்கும் புரியாது. ஒரு பெரிய ஓட்டலின் லாண்டரியில் இருக்கிறேன். தரைக்குக் கீழே, ஜன்னலில்லாத கூடம். இஸ்திரி போடுகிற சூட்டு உருளையிலிருந்து படுக்கை விரிப்புகள் வெளியே வர வர, இந்தப் பக்கம் இரண்டு முனையை நானும் அந்தப் பக்கம் இரண்டு முனையை இன்னொருத்தியும் பிடித்து, நடந்து வந்து நடுவில் சேர்த்து மடிக்க வேண்டும். அந்த இன்னொருத்தியை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு, எட்டு மணி நேரம், நின்றபடி. வீட்டுக்கு வந்தால் மூன்றாவது மாடி. எங்கள் கட்டடத்து லிஃப்டில் 'பழுது' என்று ஒட்டியிருந்த காகிதமே வெளுத்துப்போய், புதுக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள்.

இந்த லட்சணத்தில், ஏறி வந்த படியில் திரும்ப இறங்கி, மறுபடி ஏற வேண்டுமாம். அதுவும் வாரத்துக்கு நான்கு நாள். முதல் வாரம் மூன்று சுற்று, பிறகு வாரத்துக்கு ஒரு சுற்று கூட்ட வேண்டும். ஒரு சுற்றுக்கு ஐம்பத்து நான்கு படி. "இதுக்குப் பேரு படிப்படியா பளுவைக் கூட்டுறதும்மா" என்றாள் ஆமை. பளுவைக் கூட்டுவதற்கு ஒரு பெயர் வேறு இருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

முறை இதுதான். நான் வேலை முடிந்து வந்து பத்து நிமிடம் நாற்காலியில் சும்மா உட்கார வேண்டும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பதினைந்து விநாடி எண்ணி, நான்கால் பெருக்கி எழுதுவாள். அதற்குப் பிறகு படி. நான் ஏமாற்றிவிடுவேன் என்ற சந்தேகமோ என்னவோ, போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே அவளும் என்னோடு ஏறி இறங்கினாள். முடிந்ததும் அங்கேயே வாசற்படியில் உட்காரவைத்து ஒரு தடவை, மூன்று நிமிடம் கழித்து இன்னொரு தடவை எண்ணுவாள்.

முதல் நாள் இரண்டு விரலை வைத்து ரொம்ப நேரம் தேடினாள். வெந்நீரிலும் சூட்டுத் துணியிலும் தடித்துப்போன கை என்னுடையது. "உன் நாடி ஒளிஞ்சுக்குதும்மா" என்று சிணுங்கினாள். மறுநாள் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் என் மணிக்கட்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, கட்டை விரலால் அழுத்தினாள். உடனே கிடைத்துவிட்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அன்றிலிருந்து அப்படியே பிடித்தாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினைந்து விநாடி எனக்குப் பிடித்திருந்தது. பத்து வயதுக்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்ததே இல்லை. முட்டி கழன்று விழுகிற மாதிரி வலித்தாலும், கடைசியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்து எண்ணுவாள் என்பதற்காகவே ஏறினேன் என்றுகூடச் சொல்லலாம்.

முதல் வாரம் அவள் எழுதியது: ஓய்வில் எண்பத்து நான்கு, ஏறி முடித்ததும் நூற்று ஐம்பத்தாறு. மூன்றாவது வாரம் ஓய்வில் எண்பது என்று வந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டில் பச்சை மையால் கோடு போட்டு, கோடு இறங்குவதை என்னிடம் காட்டினாள். இதயம் பலமாகிறது, குறைவாக அடித்தே அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது என்று விளக்கினாள். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. முதல் வாரம் மூன்றாவது சுற்றில் வாங்கிய மூச்சு இப்போது முதல் சுற்றிலேயே வாங்கியது. ஆனால் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. படித்த பிள்ளை போட்ட கோடு. நான் என்னத்தைக் கண்டேன்?

பாடத்தையும் நான்தான் கேட்க வேண்டும். பழைய காலண்டர் அட்டைகளைச் சீட்டு சீட்டாக வெட்டி, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் எழுதி வைத்திருந்தாள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு அட்டை. நான் காய் நறுக்கிக்கொண்டே கேள்வியைப் படிப்பேன், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பிப்பாள். கேட்டுக் கேட்டு எனக்கே பாதி பாடமாகிவிட்டது. லாண்டரியில் ஒரு நாள் கை வலிக்கிறது என்று பெரியக்கா சொன்னபோது, முன்கையை மடக்குவது இருதலைத் தசை, நீட்டுவது முத்தலைத் தசை, ஒன்று சுருங்கினால் மற்றது தளரும் என்று எடுத்துவிட்டேன். எந்தத் தசையும் தளரக் காணோமே என்றாள் அவள்.

மிகைப்பயிற்சியின் அறிகுறிகள் என்று ஒரு அட்டை. தூக்கம் கெடும், பசி குறையும், எரிச்சல் வரும், சோர்வு தீராது, ஓய்வு நாடித்துடிப்பு கூடும். படித்துவிட்டுச் சிரித்தேன். எல்லாம் எனக்கு இருக்கிறதே என்றேன். அவள் வாத்தியார் மாதிரி விரலை ஆட்டினாள்.

"உன் ஓய்வு நாடி குறையுதும்மா. அதனால உனக்கு அது இல்ல. நீ தேறிட்டு வர்ற."

நான் தேறிக்கொண்டுதான் வருகிறேன் என்று நானும் நம்பினேன். அதனால் வந்த வினையையும் சொல்கிறேன். நான்காவது வாரம், கிழிசல் தைக்கிற மேசையில் ஒரு இடம் காலியானது. உட்கார்ந்து செய்கிற வேலை, கூலியும் அதே கூலி. சூப்பர்வைசரம்மா முதலில் என்னிடம்தான் கேட்டார். விரிப்பை மடிக்கும்போது நான் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அளந்து பார்த்ததில் என் இதயம் பலமாகிக்கொண்டிருக்கிறது, இந்தக் களைப்பு வெறும் சோம்பல், உட்கார இடம் கொடுத்தால் அது வளரும் என்று நினைத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரியக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"உனக்கென்ன பைத்தியமா? முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு, போய் டாக்டரைப் பாரு" என்றாள்.

"பொண்ணு தினமும் பாக்குறாக்கா. எல்லாம் நல்லா இருக்காம்" என்றேன்.

அந்த நாற்காலியில் போன வருடம் சேர்ந்த ஒருத்தி உட்கார்ந்தாள். ஐந்தாவது வாரம் ஏழு சுற்று. ஆறாவது வாரம் எட்டு சுற்று. கடைசி இரண்டு சுற்றை நான் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் ஏறினேன். ஆமை எனக்கு முன்னால் ஏறி, மேலே நின்று, "வாம்மா, இன்னும் பன்னிரண்டு படிதான்" என்பாள். அவளுக்கு மூச்சுகூட இரைக்கவில்லை. அந்த வாரம் ஒரு காலையில் தெருமுனையில் புறப்பட்டுவிட்ட பஸ்ஸை அவள் ஓடிப் பிடித்து ஏறியதை மாடியிலிருந்து பார்த்தேன். இவளா என்று இருந்தது. பெருமைப்பட்டேனே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை பதிவேட்டைக் கொடுக்க வேண்டும், வியாழக்கிழமை தேர்வு. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் முடிவுரையை எழுதிவிட்டு எனக்குப் படித்துக் காட்டினாள். "பங்கேற்பாளரின் ஓய்வு நாடித்துடிப்பு எண்பத்து நான்கிலிருந்து எழுபத்திரண்டாகக் குறைந்துள்ளது. இதய-சுவாசத் தாங்குதிறன் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டுள்ளது." குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்ட பங்கேற்பாளர் அப்போது சுவரில் சாய்ந்து தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். துணி காயப்போட எழுந்திருக்க வேண்டும் என்று அரை மணி நேரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே இன்னொரு பத்து நிமிடம் உட்காரலாமே என்று, அட்டைகளைக் கொண்டு வா, கேட்கிறேன் என்றேன்.

இருபத்தெட்டாவது அட்டையோ என்னவோ. படித்தேன். நாடித்துடிப்பை எண்ணும்போது கட்டை விரலைப் பயன்படுத்தக் கூடாது. காரணம் கூறுக. இரண்டு மதிப்பெண்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தாள். "கட்டை விரலுக்குத் தனியாகத் துடிப்பு உண்டு. எனவே சோதிக்கப்படுபவரின் துடிப்புக்குப் பதிலாகச் சோதிப்பவர் தம் துடிப்பையே எண்ணிவிட வாய்ப்புண்டு. ரெண்டு மார்க். அடுத்ததும்மா."

எனக்குச் சட்டென்று என் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. ஆறு வாரமாக அதே இடத்தில் அழுத்திய விரல். நாடி உடனே கிடைத்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்ட முகம். படியில் எனக்கு முன்னால் ஏறிய கால்கள். ஓடிப்போய்ப் பிடித்த பஸ்.

அவளுக்கு எதுவும் பொறிதட்டவில்லை. பதிலை மனப்பாடம் செய்த பிள்ளை அது. அதற்கும் தன் கைக்கும் சம்பந்தம் உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மனசாட்சியைப் பற்றியெல்லாம் நான் யோசிக்கவில்லை, முப்பது மதிப்பெண்ணைப் பற்றித்தான் யோசித்தேன். பச்சைக் கோடு அழகாக இறங்கியிருக்கிறது. பார்க்கிற டீச்சருக்கு எந்த விரல் என்று தெரியப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெண் தேறிவிடுவாள். இன்னொரு ஆறு வாரம் அவளுக்கும் கிடையாது, எனக்கும் தெம்பு கிடையாது. அடுத்த அட்டையை எடுத்துப் படித்தேன். அதற்கடுத்ததையும் படித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

நான்காவதாக வந்தது அந்த மிகைப்பயிற்சி அட்டை. அவள் ஆரம்பித்தாள். தூக்கம் கெடும், பசி குறையும், எரிச்சல் வரும், சோர்வு தீராது, ஓய்வு நாடித்துடிப்பு... அங்கே நின்றுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து அட்டையிலிருந்து தலையைத் தூக்கினேன். அவள் சுவரைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் வலது கையைத் திருப்பி, கட்டை விரலைப் பார்த்தாள்.

எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டை விரலை என் மணிக்கட்டில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் தேடினாள். ரொம்ப நேரம் ஆயிற்று. கிடைத்ததும் போனைப் பார்த்து எண்ணினாள். இருபத்தாறு. நம்பாமல் மறுபடி எண்ணினாள். இருபத்தேழு. நூற்று நான்கு, நூற்றெட்டு. அரை மணி நேரத்துக்கு மேல் சும்மா சுவரில் சாய்ந்து கிடந்தவளுக்கு. பிறகு தன் கையைப் பிடித்துத் தானே எண்ணினாள். பதினெட்டு. பதினெட்டை நான்கால் பெருக்க அவளுக்கு நோட்டு தேவைப்படவில்லை.

"என்னோடதம்மா. ஆறு வாரமும் என்னோடதைத்தான் எழுதியிருக்கேன்."

நான் ஏற்கெனவே ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். இருபது வருடம் ஓட்டல் லாண்டரியில் இருந்தவளுக்குக் கறை போகாத இடத்தை மேலே தெரியாமல் மடிக்கத் தெரியாதா?

"அதனால என்னடி? நீயும்தானே ஏறின. அம்புட்டும் உன் கணக்குதான், பொய் ஒண்ணும் இல்லையே. பேரை மட்டும் மாத்து. பங்கேற்பாளர் அம்மான்னு இருக்கிற இடத்துல உன்னைப் போட்டுக்கோ. கோடு சரியாத்தானே இறங்கியிருக்கு."

அவள் நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். 'பங்கேற்பாளர்: அம்மா, வயது 43, தொழில்: லாண்டரி' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டு அழகுபடுத்தியிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

"அப்ப நீ ஏறினது எங்கம்மா போகும்?"

போகிற இடத்துக்குப் போகட்டும், படியில் ஏறினதுக்கெல்லாம் யாராவது கணக்கு வைப்பார்களா என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆறு வாரம், நான்கு நாள், நானூறு விரிப்புக்கு மேல் இந்தப் படிகள். முடியவில்லை என்று தோன்றிய ஒவ்வொரு நாளும் நோட்டைப் பார்த்து என்னையே திட்டிக்கொண்டேன். விட்ட நாற்காலி விட்டதுதான். எனக்குக் கோபம் வந்தது, அது அவள்மேல் இல்லை. பெரியக்கா ஒரே பார்வையில் சொன்னதை நானே நம்பாமல் போனேனே என்று என்மேல்தான்.

அவள் மத்தியானம் வரை எழுதினாள். பேரை மாற்றினாள். 'பங்கேற்பாளர்: நான், வயது 16' என்று போட்டாள். பிழைகள் என்ற பக்கம் காலியாக இருந்தது. அதில் எந்த விரலால் எண்ணினாள், எப்படித் தெரியவந்தது என்பதை ஒன்று விடாமல் எழுதினாள். இதைப் படித்தால் டீச்சர் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டாரா என்று கேட்டேன். குறைப்பார் என்றாள். எவ்வளவு என்று அவளுக்கும் தெரியாது. பத்து குறைத்தாலும் எழுத்துத் தேர்வில் அவள் எழும்பி நிற்க வேண்டும். நான் அட்டைகளைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

துணியை அவளே காயப்போட்டுவிட்டு வந்தாள். நாளைக்கு நோட்டைக் கொடுத்ததும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வருவதாகவும், நானும் சொல்லிவிட வேண்டும் என்றும், இருவரும் டாக்டரிடம் போகிறோம் என்றும் அறிவித்தாள். எதிர்த்துப் பேச எனக்கு ஆசைதான், தெம்பில்லை. நோட்டு தரையில் திறந்து கிடந்தது. கடைசிப் பக்கத்தில், முடிவுரைக்கும் கீழே, புதிதாக மூன்று வரி இருந்தது.

'உடன் ஏறியவர்: அம்மா, வயது 43. ஆறு வாரமும் ஏறினார். ஓய்வு நாடித்துடிப்பு 104. களைப்பாக இருக்கிறது என்று பலமுறை சொன்னார், பதிவு செய்யப்படவில்லை.'

பாடத்துக்கு வேண்டாத வரிகள். அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. நான் அதை இரண்டு தடவை படித்தேன். என் களைப்பை யாரோ எழுதி வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண் கலங்கியதை அவள் பார்க்கக் கூடாதென்று அட்டைக் கட்டைப் பிரித்தேன். எண்பத்தோரு அட்டை பாக்கி இருந்தது. அடுத்த கேள்வியைப் படிக்கவா என்றேன்.

"நீ படுத்துக்கோம்மா, நானே படிச்சுக்கிறேன்" என்று அவள் அட்டைகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.